ரஷீத் மக்லூஃபி: நாம் சொல்லாமல் விட்ட பாதி

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவில் நான் ஒரு பிழையான கதையைச் சொன்னேன். அல்ஜீரியாவின் ரஷீத் மக்லூஃபி, பிரான்ஸ் தேசிய அணியில் இடம், உலகக் கிண்ண வாய்ப்பு, காசு, பேர் எல்லாவற்றையும் 1958இல் ஒரே இரவில் உதறிவிட்டுப் போனார் என்றேன். அது சரி. அதற்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைக்கவேயில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள் என்று இன்றுவரை ஞாபகமில்லை. கதைக்கு அப்படி ஒரு முடிவு பொருத்தமாக இருந்தது, சொல்லிவிட்டேன். கைதட்டல் பலமாகத்தான் வந்தது.

விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கோச் காக்கா பக்கத்தில் வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் கோச் காக்காதான். இளமையில் எங்கள் கழகத்தின் முன்னணி வீரர். முழங்கால் போனபிறகு முப்பது வருஷம் பிள்ளைகளைப் பழக்கியவர். இடையில் சில காலம் கப்பலில் வேலை.

"தம்பி, நல்லாப் பேசினீங்க. ஆனா அந்த மனிசன் திரும்பிப் போனவரெல்லோ" என்றார்.

"எங்க காக்கா?"

"பிரான்சுக்குத்தான். அதே கழகத்துக்கு. அறுபத்தெட்டுல நம்மட கப்பல் மார்சேயில் நிண்டது. ஊரெல்லாம் வேலைநிறுத்தம், சாமான் இறக்க ஆளில்ல. துறைமுகத்துத் தேத்தண்ணிக் கடையில அல்ஜீரியாக்காரங்கள் ஒரு பேப்பரை வெச்சி எல்லாருக்கும் காட்டுறாங்க. டி கோல் அவருக்குக் கப் குடுக்கிற படம். மறுகா நீங்க, கால் வெக்கல்ல எண்டு சொல்றீங்க."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. மக்லூஃபியை நாம் ஒரு வரியில் சொல்லிப் பழகிவிட்டோம். பிரான்ஸை விட்டு ஓடினார், அவ்வளவுதான். அவர் திரும்பிப் போனதும், அதன்பின் பயிற்றுவிப்பாளராகச் செய்த வேலையும் நம்மிடம் வந்து சேரவில்லை. என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் பெரிய பாதி அதுதான்.

முதற் பாதியைச் சுருக்கமாகவேனும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பிறந்தது 1936 ஆகஸ்டில், கிழக்கு அல்ஜீரியாவின் ஸதீஃப் நகரில். அந்த ஊரின் பெயரை அல்ஜீரியர்கள் ஒரு திகதியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். 1945 மே 8. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததைக் கொண்டாட ஊர்வலம் போனவர்கள் அல்ஜீரியக் கொடியையும் தூக்கினார்கள், சூடு விழுந்தது. அதைத் தொடர்ந்து குடியேறிகள் நூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரங்களில் ஸதீஃப், கெல்மா பகுதிகளில் பிரெஞ்சுப் படையும் ஆயுதம் ஏந்திய குடியேறிகளும் செய்த பழிவாங்கலில் மாண்ட முஸ்லிம்கள் ஆயிரத்துச் சொச்சம் என்று பிரெஞ்சு நிர்வாகம் அன்று கணக்குக் காட்டியது. அல்ஜீரியா 45,000 என்கிறது. மக்லூஃபிக்கு அப்போது ஒன்பது வயதும் நிறையவில்லை.

1954இல் பதினெட்டு வயதில் பிரான்ஸின் செந்த் எத்தியென் கழகத்தில் சேர்ந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் நகரம் அது. அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜோன் ஸ்னெல்லா. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மக்லூஃபி போய்ச் சேர்ந்த அதே வருஷம் நவம்பர் முதலாம் திகதி அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. 1957இல் செந்த் எத்தியென் முதற்தடவையாகப் பிரெஞ்சுச் சம்பியனானபோது அணியின் பிரதான கோல் வீரர்களில் ஒருவர் அவர். பிரான்ஸ் தேசிய அணிக்கு 4 ஆட்டங்கள் ஆடியிருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் கட்டாய சேவையும் செய்துகொண்டிருந்தார். 1957இல் உலக இராணுவச் சம்பியன் பட்டத்தை வென்ற அணியிலும் இருந்தார். ஆகவே 1958 ஏப்ரலில் அவர் போனது கழகத்தை விட்டுப் போனது மட்டுமில்லை, சட்டப்படி படையை விட்டு ஓடியதும்கூட. பிடிபட்டிருந்தால் இராணுவ நீதிமன்றம்.

அந்தப் பயணக் கதை பல தடவை சொல்லப்பட்டது. முந்திய ஆட்டத்தில் தலையில் அடிபட்டு அவர் வைத்தியசாலையில் கிடக்கிறார். அதே ஸதீஃபைச் சேர்ந்த அப்துல் ஹமீத் கெர்மாலியும் முக்தார் அரீபியும் வந்து கூட்டிப் போகிறார்கள். சுவிட்சர்லாந்து எல்லையில் காவலர்கள் முகத்தை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். ஆனால் வானொலிச் செய்தி அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை, பெரிய ஆட்டக்காரர்கள் என்ற மகிழ்ச்சியோடு போகவிடுகிறார்கள். அங்கிருந்து இத்தாலி, பிறகு துனிஸ். எல்லாரும் இப்படித் தப்பவில்லை, சிலர் வழியிலேயே பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். மக்லூஃபியும் மொனாகோ கழகத்தின் பின்கள வீரர் முஸ்தபா ஸைத்தூனியும் அந்த வருஷ உலகக் கிண்ணத்துக்கான பிரெஞ்சு உத்தேச அணியில் இருந்தவர்கள். அவர்களில்லாமல் சுவீடனுக்குப் போன பிரான்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. ஜுஸ்ட் ஃபொன்தேன் 13 கோல் அடித்தார், இன்றும் முறியாத சாதனை. மக்லூஃபி அங்கே இருந்திருந்தால் என்று பிரெஞ்சு எழுத்தாளர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். அது அவர்கள் பாடு.

துனிஸில் உருவானது தேசிய விடுதலை முன்னணியின் அணி. நாடில்லாத தேசிய அணி. ஃபீஃபா அதை அங்கீகரிக்கவில்லை, அதோடு ஆடும் நாடுகளுக்கும் தண்டனை என்று பயமுறுத்தியது. இருந்தும் நாலு வருஷத்தில் வட ஆபிரிக்கா, ஈராக், ஜோர்தான், கிழக்கு ஐரோப்பா, சோவியத் ஒன்றியம், சீனா, வட வியட்நாம் என்று சுற்றி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். 1961இல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6க்கு 1 என்று வென்றார்கள். எதிராளி சில இடங்களில் தேசிய அணி, சில இடங்களில் ஏதோ ஒரு தொழிற்சங்க அணி. கொடி ஏறும், கீதம் ஒலிக்கும், அதுதான் அவர்களுக்கு முக்கியம். ஆனால் ஓர் ஆட்டக்காரனின் கண்ணால் பார்த்தால் இது பெரிய இழப்பு. இருபத்தொரு வயதிலிருந்து இருபத்தைந்து வரை, கால் மிக நன்றாகப் பேசும் வயதில், மக்லூஃபி எந்தப் போட்டிக் கிண்ணத்துக்காகவும் ஆடவில்லை. தியாகம் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். கோச் காக்கா இதைச் சொன்னபோது கையை விரித்துக் காட்டினார்: "நாலு சீசன் தம்பி. நாலு சீசன்."

1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. மக்லூஃபிக்கு வயது இருபத்தாறு நிறையப் போகிறது. ஆடத்தான் தெரியும், ஆட வேண்டும். முதலில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்துக்குப் போனார். அங்கே பயிற்றுவிப்பாளர் யார்? அதே ஜோன் ஸ்னெல்லா. அந்த வருஷக் கடைசியில் செந்த் எத்தியென் அவரைத் திரும்பவும் அழைத்தது. அவர் போனார். 1963இல் ஸ்னெல்லாவும் அந்தக் கழகத்துக்கே திரும்பி வந்தார்.

இந்த இடத்தில்தான் என் மேடைப் பேச்சு உடைகிறது. அல்ஜீரியா சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அல்ஜீரியாவில் பிள்ளையை இழந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் அந்த நகரத்திலும் இருந்தன. அல்ஜீரியாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த குடியேறிகளும் பிரான்ஸெங்கும் இருந்தார்கள். அவர்களுடைய கண்ணில் இவர் எதிரிப் பக்கத்துக்கு ஓடிய சிப்பாய். முதல் ஆட்டத்துக்கு மைதானத்தில் இறங்கியபோது அரங்கு அமைதியாக இருந்தது என்றும், முதற் பந்தைத் தொட்டு விளையாடிய பின்னர் பார்வையாளர்கள் பழையபடி தன்னோடு சேர்ந்துகொண்டார்கள் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் நிறைந்த அந்த அரங்கை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் லேசில் மன்னிக்கும் ஆட்கள் இல்லை.

கழகம் அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கிக் கிடந்தது. 1963இல் மேலே ஏறியது. 1964இல் நாட்டுச் சம்பியன். பிறகு 1967, 1968. அதே 1968 மே மாதம், பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்த நாட்களில், பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டம். செந்த் எத்தியென் 2, போர்தோ 1. இரண்டு கோலும் மக்லூஃபியுடையது. கிண்ணத்தைக் கையில் கொடுத்தவர் ஜனாதிபதி டி கோல். பத்து வருஷத்துக்கு முன் படையை விட்டு ஓடிய அல்ஜீரியச் சிப்பாயின் கையில். கோச் காக்கா மார்சேயில் பார்த்த படம் இதுதான்.

அந்தத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பேப்பரை வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். எனக்குத்தான் தெரிந்தது, ஐம்பது வருஷம் கழித்து, பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து. நாட்டுக்காகப் போன மனிதன், நாடு கிடைத்ததும் தன் தொழிலுக்குத் திரும்பினார். நான் ஏன் அதை மறைத்து, அவரைத் திரும்பாத ஆளாக ஆக்கினேன்? நம்முடைய மேடைகளுக்கு அப்படிப்பட்ட ஆள் வேண்டியிருக்கிறது போல.

அந்தக் கிண்ணத்தோடு அவர் செந்த் எத்தியெனை விட்டார். கோர்சிகாத் தீவின் பாஸ்தியாக் கழகத்தில் ஆடிக்கொண்டே பயிற்றுவிப்பாளர் வேலையையும் பழகினார். பிறகு நாடு கூப்பிட்டது. 1970களில் இரண்டு தடவை அல்ஜீரிய தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

முன்னணி வீரன் பயிற்றுவிப்பாளராவது லேசான மாற்றம் இல்லை. கோல் அடித்த காலில் இருந்த அறிவை இன்னொருவரின் காலுக்கு மாற்ற முடியாது. கோச் காக்கா அடிக்கடி புலம்புவார்: "நான் யோசிக்காமச் செஞ்சத இவனுகளுக்கு யோசிச்சிச் சொல்ல வேண்டிக் கிடக்கு." மக்லூஃபிக்கு இன்னொரு சுமையும் இருந்தது. துனிஸ் அணியில் அவரோடு இருந்தவர்கள் பிரெஞ்சுக் கழகங்களில் பழுத்த தொழில்முறை வீரர்கள். இப்போது அவர் கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள்.

1975இல் அல்ஜியர்ஸில் மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டி. இறுதியாட்டத்தில் எதிரணி பிரான்ஸ். அது பிரான்ஸின் முதல்தர அணி கிடையாது, இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஜூலை 5 அரங்கில் கூடியிருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிசாகப் பட்டிருக்காது. சட்டை பிரான்ஸின் சட்டை. ஆட்டம் முடியும் நேரம் பிரான்ஸ் 2க்கு 1 என்று முன்னால். ஜனாதிபதி பூமதீன் வெற்றி மேடையில் பிரெஞ்சுக் கீதத்தைக் கேட்க மனமில்லாமல் எழும்பப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கடைசி நிமிடத்தில் பெத்ரூனி அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் 3க்கு 2. பயிற்றுவிப்பாளர் இருக்கையில் இருந்தவர், பிரான்ஸுக்கும் ஆடியவர், பிரான்ஸை விட்டும் ஓடியவர், பிரான்ஸின் கிண்ணத்தையும் வாங்கியவர். 1978இல் அதே நகரில் ஆபிரிக்க விளையாட்டு விழாவிலும் அவருடைய அணிதான் தங்கம்.

1977இல் அரசு ஒரு பெரிய சீர்திருத்தம் கொண்டுவந்தது. கழகங்களை அரச கம்பனிகளோடு இணைத்தார்கள், வீரர்களுக்குச் சம்பளமும் நல்ல பயிற்சி வசதியும் கிடைத்தன. ஆனால் இருபத்தெட்டு வயதுக்கு முன் வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகத் தடை. வீரனின் சுதந்திரம் என்று பார்த்தால் கொடுமை. அணி என்று பார்த்தால் ஒரே கூட்டம் பல வருஷம் ஒன்றாக ஆடியது. பெல்லூமி, மாஜர், அஸ்ஸாத் எல்லாரும் அந்தக் காலத்தில் முதிர்ந்தவர்கள். 1980 ஆபிரிக்கக் கிண்ணத்தின் இறுதிவரை அவர்கள் போனபோது பொறுப்பில் மக்லூஃபி இல்லை, முஹியித்தீன் ஹாலிஃப் இருந்தார். 1982 ஸ்பெயின் உலகக் கிண்ணத்துக்கு இருவரும் சேர்ந்து அணியைக் கொண்டுபோனார்கள்.

அந்த ஜூன் மாதம் எனக்கு நன்றாக ஞாபகம். பதினாலு வயது. 16ஆம் திகதி ஹிஹோனில் அல்ஜீரியா 2, மேற்கு ஜேர்மனி 1. ஜேர்மன் பயிற்றுவிப்பாளர் யுப் டெர்வால், தோற்றால் அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போவேன் என்று முன்கூட்டியே கேலி பேசியிருந்தார். மாஜர் முதல் கோல் அடித்தார். ரும்மெனிகெ சமப்படுத்தினார். நடுவில் பந்தை வைத்துத் திரும்ப ஆரம்பித்த அல்ஜீரியர்கள், ஜேர்மனியர் ஒருவரையும் தொடவிடாமல் ஆளுக்காள் மாற்றி, இடது பக்கம் அஸ்ஸாத் கொண்டுபோய்க் குறுக்கே போட, பெல்லூமி உள்ளே தட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செய்தியைக் கேட்ட வாப்பா கடையில் நின்ற எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். அவர் வாழ்க்கையில் பந்து தொட்டவரல்ல.

பிறகு ஒஸ்திரியாவிடம் 0க்கு 2. நோன்பு தொடங்கிய முதல் நாட்களில், 24ஆம் திகதி சிலியை 3க்கு 2 வென்றார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை ஹிஹோனில் ஜேர்மனியும் ஒஸ்திரியாவும். பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஒரு கோல். அந்தக் கணக்கில் இரண்டு அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வீட்டுக்கு. மீதி எண்பது நிமிடம் பந்தை அங்கும் இங்கும் உருட்டி முடித்தார்கள். அரங்கில் அல்ஜீரியர்கள் நாணயத்தாளை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியா முறையிட்டது, ஃபீஃபா தள்ளிவிட்டது. ஸஹருக்கு எழும்பியபோது வாப்பாவின் முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கியது. அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று விதி மாறியது. முன்பு அங்கீகாரம் கேட்ட அணியைக் கதவுக்கு வெளியே நிறுத்திய அதே ஃபீஃபா.

இது அநியாயம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தக் கதையையும் நாம் பாதிதான் சொல்கிறோம். சிலி ஆட்டத்தில் இடைவேளையின்போது அல்ஜீரியா 3க்கு 0 முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் இரண்டு கோலை விட்டார்கள். அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வென்ற புள்ளிகள் மூன்று அணிக்கும் சமம். கோல் கணக்கு, ஜேர்மனி அடித்தது 6, வாங்கியது 3. ஒஸ்திரியா 3க்கு 1. அல்ஜீரியா 5க்கு 5. அந்த இரண்டு கோலும் விழாமல் இருந்திருந்தால் அல்ஜீரியா 5க்கு 3. வித்தியாசம் ஒஸ்திரியாவினதைப் போலவே இரண்டு, அடித்த கோல் அதிகம். அதாவது, 1க்கு 0 என்று முடித்தால் ஒஸ்திரியாதான் வெளியே போயிருக்கும். எண்பது நிமிடம் பந்தை உருட்ட அவர்களுக்குக் காரணமே இருந்திருக்காது.

ஜேர்மனியரின் பிழை இதனால் குறையாது. ஆனால் பயிற்றுவிப்பாளர்களின் கண்ணில் அந்த ஆட்டம் எங்கே போனது என்று கேட்டால், வெள்ளிக்கிழமை ஹிஹோனுக்கு முதல், வியாழக்கிழமை ஒவியேதோவைப் பார்க்க வேண்டும். மக்லூஃபியையும் ஹாலிஃபையும் மதிக்கிறவன் இந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

1988இல் மக்லூஃபி சிறிது காலம் அல்ஜீரிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தார். பயிற்றுவிப்பாளராக ஆபிரிக்கக் கிண்ணம் அவர் கைக்கு வரவில்லை. அது வந்தது, வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து அவரைக் கூட்டிப்போன கெர்மாலியின் கைக்கு. அவரும் ஸதீஃப், அவரும் முன்கள வீரர், அவரும் பயிற்றுவிப்பாளரானவர். 1990 மார்ச்சில் அல்ஜியர்ஸ் இறுதியாட்டத்தில் நைஜீரியாவை 1க்கு 0 வென்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் ஷரீஃப் ஊஜானி. துனிஸ் அணியில் ஆடிய அஹ்மத் ஊஜானியின் மகன், பிரான்ஸின் லான்ஸ் நகரில் பிறந்தவர்.

மக்லூஃபி 2024 நவம்பர் 8ஆம் திகதி, எண்பத்தெட்டாவது வயதில் வபாத்தானார். கோச் காக்கா அவருக்கு மூன்று வருஷம் முந்திவிட்டார். இந்தத் தடவை ஆண்டு விழாவில் ஒலிவாங்கி திரும்பவும் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சொன்னது பிழை என்று முதலில் சொன்னேன். பிறகு முழுக் கதையையும். டி கோல் கிண்ணம் கொடுத்த இடத்தில் கைதட்டல் வரவில்லை, பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோல் கணக்குக்கு வந்தபோது பதினைந்து வயதுக்குக் கீழ் அணியின் முன்கள வீரன், முன் வரிசையிலிருந்து எழும்பினான்.

"சேர், சிலிக்கு ஒரு கோலை மட்டும் விட்டிருந்தா?"

கரும்பலகைப் பக்கம் கையைக் காட்டினேன். அவனே வந்து வெண்கட்டியை எடுத்தான்.